சத்திரசிகிச்சைக்குப் பின் நிறை குறையாமல் நின்றுவிட்டால்: தெரிந்திருக்க வேண்டியவையும் செய்ய வேண்டியவையும்

புலம்பெயர் நாடுகளில் எங்கள் கொண்டாட்ட மண்டபங்களில் இப்போது ஒரு புதுக் கேள்வி காதில் விழுகிறது. "ஒப்பரேசனும் செய்து, இன்னும் மெலியேல்லையோ?" கேட்பவர் பெரும்பாலும் கெட்ட எண்ணத்தோடு கேட்பதில்லை. ஆனால் கேட்கப்பட்டவர் அன்றிரவு வீட்டுக்குப் போய்த் தராசில் ஏறி இறங்குகிறார். மறுநாள் முதல் ஒருநேரச் சாப்பாட்டை விடுகிறார். அடுத்த மாதம் வைத்தியசாலையில் இருக்கும் பரிசோதனைக்கு, "குறையாமல் எப்படிப் போய் முகம் காட்டுவது" என்று போகாமலே விடுகிறார்.

தராசு நின்றதால் வரும் தீங்கைவிட, அதன்பின் எடுக்கப்படும் இந்த இரண்டு முடிவுகளாலும் வரும் தீங்கு பெரிது. நிறை குறைப்புச் சத்திரசிகிச்சை செய்தவர்களில் அநேகமாக எல்லோருக்கும் ஏதோ ஒரு கட்டத்தில் நிறை குறையாமல் நிற்கும். அது எப்போது இயல்பானது, எப்போது கவனிக்க வேண்டியது, வீட்டில் என்ன செய்யலாம், எப்போது வைத்தியரிடம் போக வேண்டும் என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

எந்தச் சத்திரசிகிச்சை, எவ்வளவு எதிர்பார்க்கலாம்?

இன்று பரவலாகச் செய்யப்படுபவை இரண்டு. முதலாவது, இரைப்பையின் ஏறத்தாழ 75 முதல் 80 சதவீதத்தை வெட்டி அகற்றி, மிகுதியைக் குழாய் போல ஆக்குவது. இதை 'ஸ்லீவ்' என்கிறார்கள். இரண்டாவது, இரைப்பையின் மேற்பகுதியில் ஏறத்தாழ 30 மில்லிலீற்றர் கொள்ளும் சிறு பையை உருவாக்கி, அதை நேரே சிறுகுடலோடு இணைப்பது. இது 'பைபாஸ்'. இவை சாப்பாட்டின் அளவை மட்டும் குறைப்பதில்லை. பசியைத் தூண்டும் கிரெலின் போன்ற ஓமோன்களையும், வயிறு நிறைந்ததை மூளைக்குச் சொல்லும் குடல் ஓமோன்களையும் மாற்றுகின்றன. அதனால்தான் முதல் மாதங்களில் பலருக்குப் பசியே தெரிவதில்லை.

சராசரியாக ஸ்லீவ் செய்தவர்கள் தங்கள் மொத்த நிறையில் 25 சதவீதத்தையும், பைபாஸ் செய்தவர்கள் 30 சதவீதத்தையும் இழக்கிறார்கள். இதை ஒரு கணக்காகப் பார்ப்போம். 160 சென்ரிமீற்றர் உயரமும் 120 கிலோ நிறையும் உள்ள ஒருவர் ஸ்லீவ் செய்தால் ஏறத்தாழ 90 கிலோவிலும், பைபாஸ் செய்தால் 84 கிலோவிலும் நிற்கக்கூடும். அவரது உடற்திணிவுச் சுட்டெண் 47இலிருந்து 35க்கோ 33க்கோ வந்திருக்கும். வைத்தியக் கணக்கில் இது நல்ல வெற்றி. ஆனால் கலியாணத்தன்று இருந்த 58 கிலோவை மனதில் வைத்திருப்பவருக்கு இதுவே தோல்வியாகத் தெரியும். "நின்றுவிட்டது" என்று வருந்துவோரில் ஒரு பகுதியினர் உண்மையில் அடைய வேண்டிய இடத்தை அடைந்தவர்களே.

சுவீடனில் 1987இல் தொடங்கிய நீண்டகால ஆய்வொன்று இதைத் தெளிவாகக் காட்டியது. பைபாஸ் செய்தவர்கள் முதல் ஓரிரு ஆண்டுகளில் சராசரியாக 32 சதவீதம் குறைந்தார்கள். 10 ஆண்டுகளின் பின் அந்த இழப்பு 25 சதவீதமாக இருந்தது. அதாவது, குறைந்ததில் ஒரு சிறு பகுதி திரும்ப ஏறுவது வழமை. அதே ஆய்வில், சத்திரசிகிச்சை செய்யாதவர்களோடு ஒப்பிடுகையில் செய்தவர்களிடையே மரணங்கள் குறைவாக இருந்தன.

நிறை நிற்கும் மூன்று கட்டங்கள்

முதலாவது, சத்திரசிகிச்சை முடிந்து இரண்டு முதல் ஐந்து கிழமைக்குள் வரும் நிறுத்தம். ஈரலிலும் தசையிலும் கிளைக்கோசன் என்ற மாப்பொருள் சேமிப்பு இருக்கிறது. ஒவ்வொரு கிராம் கிளைக்கோசனோடும் ஏறத்தாழ மூன்று கிராம் நீர் சேர்ந்திருக்கும். சத்திரசிகிச்சையை ஒட்டிய நாட்களில் சாப்பாடு மிகக் குறைவதால் இந்தச் சேமிப்பு கரைய, நீரும் வெளியேறும். தராசு வேகமாக இறங்கும். பின்னர் சாப்பாடு கொஞ்சம் கூடும்போது உடல் நீரைத் திரும்பப் பிடித்து வைக்கிறது. கொழுப்பு குறைந்துகொண்டுதான் இருக்கும், ஆனால் தராசில் தெரியாது. ஓரிரு கிழமையில் அது தானாகவே விலகும். இதற்காக எதையும் மாற்றத் தேவையில்லை.

இரண்டாவது, ஆறாம் மாதத்தை ஒட்டி வருவது. உடல் சிறுக்கச் சிறுக்க அது எரிக்கும் சக்தியும் குறைகிறது. குறையும் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளாந்தச் செலவு ஏறத்தாழ 20 முதல் 30 கலோரி வரை இறங்கும். 30 கிலோ குறைந்த ஒருவரின் உடல் முன்பைவிட நாளுக்கு 600 முதல் 900 கலோரி குறைவாகவே கேட்கும். முதல் மாதங்களில் நிறையைக் குறைத்த அதே சாப்பாடு, இப்போது நிறையை நிலையாக வைத்திருக்கும் சாப்பாடாகிவிடும்.

மூன்றாவது, 12 முதல் 18 மாதங்களின் பின் வருவது. பெரும்பாலானோர் தங்கள் ஆகக் குறைந்த நிறையை அடைவது இக்காலத்தில்தான். பசியும் மெல்ல மெல்லத் திரும்பி வரும். இனிமேல் வேலை, வந்த இடத்தைக் காப்பாற்றுவது.

ஆகவே, நான்கு கிழமைக்கு மேலாக நிறையும் இடுப்பளவும் இரண்டுமே அசையவில்லை என்றால் மட்டுமே அதை உண்மையான நிறுத்தம் என்று கொள்ளலாம். தராசில் நாளுக்கு நான்குமுறை ஏறுவதை விட்டுவிட்டு, கிழமையில் ஒருநாள், காலையில், ஒரே மாதிரி உடுப்போடு நிறுத்துப் பாருங்கள். மாதம் ஒருமுறை இடுப்பை அளவு நாடாவால் அளந்து எழுதுங்கள். தெற்காசியர்களுக்கு இடுப்பளவு முக்கியமானது. பெண்களுக்கு 80 சென்ரிமீற்றரும் ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றரும் எல்லைகளாகக் கொள்ளப்படுகின்றன. ஒரே நிறையுள்ள ஐரோப்பியரைவிட எங்களில் வயிற்றுக் கொழுப்பு கூட, தசை குறைவு. இதனால்தான் பிரித்தானிய வழிகாட்டல்கள் தெற்காசியப் பின்னணி உள்ளவர்களுக்குச் சத்திரசிகிச்சைக்கான உடற்திணிவுச் சுட்டெண் எல்லையை 2.5 புள்ளிகள் குறைத்து வைத்துள்ளன.

பட்டினி ஏன் உதவாது?

1944-45இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் 36 ஆண்கள் தாங்களாக முன்வந்து ஆறு மாதங்கள் அரைப்பட்டினி இருந்தார்கள். ஏறத்தாழ நான்கிலொரு பங்கு நிறையை இழந்தார்கள். அவர்களின் அனுசேபம் உடல் சிறுத்த அளவையும் தாண்டி இறங்கியது, குளிர் தாங்க முடியவில்லை, மனம் சோர்ந்தது, இரவும் பகலும் சாப்பாட்டு நினைவாகவே இருந்தது. உடல் பட்டினியைப் பஞ்சமாகவே எடுத்துக்கொள்கிறது.

சத்திரசிகிச்சை செய்தவர் பட்டினி கிடந்தால் முதலில் கரைவதில் தசையும் அடங்கும். தசை குறைய, உடல் எரிக்கும் சக்தி மேலும் குறையும். தலைமுடி கொட்டும், களைப்பு வரும். பிறகு பசி தாங்காமல் கையில் கிடைப்பதைக் கொறிப்பது தொடங்கும். "இரைப்பையைப் பழைய அளவுக்குக் கொண்டுவரும்" என்று சொல்லப்படும் ஐந்துநாள் திரவ உணவு முறையும் இப்படித்தான். அதில் குறைவது பெரும்பாலும் நீர். சாதாரணச் சாப்பாட்டுக்குத் திரும்பியதும் அது வந்துவிடும்.

எங்கள் சமையலறையில் பார்க்க வேண்டியவை

முதலில், ஏழு நாட்களுக்கு வாயில் போடும் எல்லாவற்றையும் எழுதுங்கள். சமைக்கும்போது உப்புப் பார்த்ததையும், பிள்ளையின் கோப்பையில் மிஞ்சியதை வழித்துச் சாப்பிட்டதையும் சேர்த்து எழுதுங்கள். யாருக்கும் காட்டத் தேவையில்லை. பெரும்பாலும் காரணம் அந்தத் தாளிலேயே தெரிந்துவிடும்.

வழுக்கிப் போகும் சாப்பாடு: சிறுத்த இரைப்பை இறைச்சித் துண்டையும் மரக்கறியையும் தடுத்து நிறுத்தும்; "போதும்" என்று சொல்லும். ஆனால் சொதி விட்டுக் குழைத்த புட்டு, இடியப்பம், கஞ்சி, தேத்தண்ணியில் தோய்த்த பிஸ்கற் ஆகியவை நிற்காமல் இறங்கிவிடும். ஒரே நேரத்தில் முன்பு முடியாத அளவு சாப்பிட முடிகிறதே என்று நீங்கள் கவனித்தால், அது இரைப்பை பெருத்ததால் அல்லாமல் சாப்பாடு குழைந்ததால் இருக்கலாம். இதே காரணத்தால்தான் சாப்பிடும்போதும் சாப்பிட்டு 30 நிமிடம் வரையும் தண்ணீர் குடிக்க வேண்டாம் என்கிறார்கள்.

கொறித்தல்: 30 கிராம் மிக்சரில் ஏறத்தாழ 150 கலோரி, அதே அளவு கச்சானில் ஏறத்தாழ 170. தொலைக்காட்சித் தொடர் ஒன்று முடிவதற்குள் மூன்று கைபிடி போய்விடும். இரைப்பையோ நிறைந்ததாக உணராது.

தேத்தண்ணி: 100 மில்லிலீற்றர் பாலும் இரண்டு தேக்கரண்டி சீனியும் சேர்த்து நாளுக்கு நான்கு கோப்பை குடித்தால் 300 கலோரியைத் தாண்டும். பழச்சாறும் மென்பானமும் மோல்ற் பானங்களும் இந்தக் கணக்கில்தான் சேரும்.

எண்ணெயும் தேங்காயும்: ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் ஏறத்தாழ 120 கலோரி. கட்டித் தேங்காய்ப்பால் கறியில் எவ்வளவு போகிறது என்பதை ஒருமுறை அளந்து பாருங்கள். கறியின் ருசி கெடாமல் அதைப் பாதியாகக் குறைக்கலாம்.

இரண்டாவது, புரதத்தை முதலில் சாப்பிடுங்கள். நாளுக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் வேண்டும். கோப்பையில் சோற்றை நடுவில் போட்டுக் கறியைச் சுற்றி வைப்பது எங்கள் வழக்கம். இதை மாற்றி, முதலில் மீன், இறைச்சி, முட்டை அல்லது பருப்பு, பிறகு மரக்கறி, இடம் இருந்தால் கடைசியில் இரண்டு கரண்டி சோறு.

ஒரு நாள் உதாரணம்: காலையில் இரண்டு முட்டை (12 கிராம் புரதம்), மத்தியானம் 75 கிராம் மீன் (15 கிராம்), பின்னேரம் 150 கிராம் கட்டியான கிரேக்கத் தயிர் (ஏறத்தாழ 14 கிராம்), இரவு தோல் நீக்கிய கோழி 75 கிராம் (ஏறத்தாழ 20 கிராம்). இத்தோடு 60 கிராம் தாண்டிவிடும். மரக்கறி மட்டும் சாப்பிடுபவர்கள் பருப்பை மட்டும் நம்ப முடியாது. 100 கிராம் அவித்த பருப்பில் ஏறத்தாழ 9 கிராம் புரதம்தான் இருக்கிறது, தண்ணிப் பருப்பில் அதுவும் இல்லை. சோயாமீற் 30 கிராமில் (ஊறவைக்க முன்) ஏறத்தாழ 15 கிராம் கிடைக்கும். ரோஃபுவும் பன்னீரும் கைகொடுக்கும்.

விரதகாலங்களில் கவனம் தேவை. கந்தசஷ்டி போன்ற நாட்களில் தண்ணீரும் குடியாமல் இருப்பது, சத்திரசிகிச்சை செய்தவருக்கு நீரிழப்பையும் நீரிழிவுக் குளிசை எடுப்பவருக்குச் சீனி திடீரென இறங்குவதையும் கொண்டுவரலாம். விரதத்துக்கு முன்னரே வைத்தியரோடு கதையுங்கள். நோயாளிக்கு விரதத்தில் விலக்கு உண்டு என்பது எங்கள் பெரியவர்களும் ஏற்றுக்கொண்டதுதான்.

தசையும் நித்திரையும்

நடை நல்லது, ஆனால் போதாது. கிழமையில் 150 நிமிட நடையோடு, இரண்டு நாட்களாவது தசைக்கு வேலை கொடுக்க வேண்டும். இதற்கு உடற்பயிற்சிக் கூடத்துக்குக் காசு கட்ட வேண்டியதில்லை. கதிரையில் இருந்து கையூன்றாமல் பத்துமுறை எழும்பி இருத்தல், சுவரில் கை ஊன்றித் தள்ளுதல், இறப்பர்ப் பட்டியை இழுத்தல், படியேறுதல் ஆகியவற்றோடு தொடங்கலாம். பனிக்காலத்தில் அங்காடி வளாகங்களுக்குள் நடக்கலாம். பயிற்சி தொடங்கிய முதல் கிழமைகளில் தசை நீரைப் பிடிப்பதால் தராசு சற்று ஏறவும் கூடும், அது கொழுப்பல்ல.

எங்களில் பலர் உணவகங்களிலும் எரிபொருள் நிலையங்களிலும் துப்புரவு வேலையிலும் இரவுவேலை செய்கிறோம். நித்திரை குறைந்தால் பசி கூடும், இனிப்பிலும் பொரியலிலும் ஆசை கூடும். வேலை நேரத்தை மாற்ற முடியாவிட்டாலும், வேலைக்குப் போகுமுன் புரதமுள்ள சாப்பாட்டை முடித்து, இடைவேளைக்குத் தயிரோ அவித்த முட்டையோ கொண்டு போனால் விடியப்புறம் றோல்ஸைத் தேட வேண்டி வராது.

வைத்தியர் பார்க்க வேண்டியவை

மேலே சொன்னவற்றைச் செய்தும் அசையவில்லை என்றாலோ, குறைந்த நிறை வேகமாகத் திரும்ப ஏறினாலோ, அதைச் சோம்பல் என்று நினைத்துக்கொண்டு வீட்டில் இருக்க வேண்டாம். தைரொயிட் சுரப்புக் குறைவு, இன்சுலினும் சில நீரிழிவுக் குளிசைகளும், ஸ்ரீரொயிட், மன அழுத்தத்துக்கும் மனநோய்க்குமான சில மருந்துகள் ஆகியவை நிறையை ஏற்றக்கூடியவை. இவற்றை நீங்களாக நிறுத்த வேண்டாம்; மாற்று உண்டா என்று கேளுங்கள். சிலருக்கு ஸ்லீவ் குழாயோ பைபாஸ் இணைப்போ விரிந்திருக்கலாம். அரிதாக, சிறு பைக்கும் பழைய இரைப்பைக்கும் இடையில் வழி திறந்திருக்கலாம். உட்காட்டிக் கருவிப் பரிசோதனையில் இது தெரியும்.

சத்திரசிகிச்சைக்குப் பின் மருந்து எடுப்பது தோல்வியின் அடையாளமல்ல. 2023இல் வெளியான பிரித்தானிய ஆய்வொன்றில், சத்திரசிகிச்சையில் போதிய பலன் கிடைக்காதவர்களுக்கு 24 கிழமைகள் லிராகுளூரைட் ஊசி கொடுத்தபோது சராசரியாக ஏறத்தாழ 9 சதவீத நிறை குறைந்தது. வெற்று ஊசி போட்டவர்களுக்கு அரைச் சதவீதம்தான் குறைந்தது. ஆனால் இந்த வகை ஊசிகளை இணையத்தில் வாங்கிப் போட வேண்டாம். ஏற்கெனவே குறைவாகச் சாப்பிடும் ஒருவருக்கு அவை கண்காணிப்பின்றி ஆபத்தானவை.

தராசு நின்றாலும் தொடர வேண்டியவை

விற்றமின் குளிசைகள் நிறை குறைப்பதற்கானவை அல்ல. அவை ஆயுளுக்கும் வேண்டியவை. பி12, இரும்பு, கல்சியம், விற்றமின் டி ஆகியவை குறைந்தால் குருதிச்சோகை, நரம்புப் பாதிப்பு, என்பு தேய்தல் வரும். கல்சியத்தையும் இரும்பையும் ஒன்றாக விழுங்காமல் இரண்டு மணித்தியாலமாவது இடைவெளி விடுங்கள். ஆண்டுக்கு ஒருமுறையாவது குருதிப் பரிசோதனை வேண்டும். பிரித்தானிய வழிகாட்டலின்படி, சத்திரசிகிச்சை செய்த பிரிவே குறைந்தது இரண்டு ஆண்டுகள் கண்காணிக்க வேண்டும்; அதன்பின் ஆண்டுதோறும் கண்காணிப்புத் தொடர வேண்டும்.

இந்தியாவுக்குப் போய்ச் சத்திரசிகிச்சை செய்து வந்தவர்களுக்கு இங்கே கண்காணிப்பு விடுபட்டுப் போகிறது. என்ன வகைச் சத்திரசிகிச்சை, எந்தத் திகதி, என்ன சிக்கல் வந்தது என்ற அறிக்கையை வாங்கி வந்து குடும்ப வைத்தியரிடம் கொடுங்கள். மறைப்பதால் நட்டம் உங்களுக்கே. பைபாஸ் செய்த ஒருவருக்கு நோவுக்கு இபுபுறோஃபன் எழுதிக் கொடுத்தால் புண் வந்து குருதி கசியலாம். உங்கள் வயிற்றில் என்ன மாற்றம் என்று தெரியாத வைத்தியர் அதை எழுதக்கூடும்.

பைபாஸ் செய்தவர்களுக்கு மதுபானம் வேகமாக ஏறும். குடிக்கு அடிமையாகும் ஆபத்தும் கூடும். பெண்களுக்கு நிறை குறையக் குறைய மாதவிடாய் சீராகி, கருத்தரிக்கும் வாய்ப்புக் கூடும். ஆனால் 12 முதல் 18 மாதங்கள் வரை கர்ப்பத்தைத் தள்ளிப்போடச் சொல்கிறார்கள். கருத்தடைக் குளிசை சரியாக உறிஞ்சப்படாமல் போகலாம் என்பதால் வேறு முறை பற்றி வைத்தியரிடம் கேளுங்கள்.

கீழுள்ளவை இருந்தால் அடுத்த பரிசோதனை வரை காத்திருக்க வேண்டாம்: தண்ணீரும் நிற்காத தொடர் வாந்தி, கடும் வயிற்று நோ, கறுப்பு நிற மலம், கால் விறைப்பு, நடை தள்ளாடுதல், பார்வை இரட்டையாகத் தெரிதல், தடுமாறிக் கதைத்தல். தொடர் வாந்தியால் பி1 விற்றமின் வற்றினால் மூளைக்கே நிரந்தரப் பாதிப்பு வரலாம். இவற்றுக்கு அன்றே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும்.

பரிசோதனைக்குப் போகும்போது மொழிபெயர்க்க மகளையோ மகனையோ கூட்டிச் செல்லாதீர்கள். இரவில் ஒளித்துச் சாப்பிடுவதையும் மனச்சோர்வையும் பிள்ளைக்கு முன்னால் எந்தத் தாயும் சொல்லமாட்டார். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே கேளுங்கள். பிரித்தானியாவில் தேசிய சுகாதார சேவை அதை இலவசமாக ஒழுங்குசெய்கிறது. வேறு பல நாடுகளின் வைத்தியசாலைகளிலும் கேட்டால் கிடைக்கும்.

குடும்பத்தவர்களுக்கு

தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடையில் மாவுக்கும் சீனிக்கும் வரிசையில் நின்றவர்கள், 95இன் இடப்பெயர்வில் பிள்ளைகளோடு பசியில் நடந்தவர்கள் எங்களிடையே இருக்கிறார்கள். அவர்களுக்குக் கோப்பையில் சோற்றை மிச்சம் வைப்பது பாவம். இன்னொருவருக்கு அள்ளிப் போடுவது அன்பு. அந்தப் பழக்கத்தைக் கேலிசெய்யத் தேவையில்லை. ஆனால் சிறுத்த இரைப்பையோடு வாழும் ஒருவருக்கு அந்த அன்பைச் சிறு கோப்பையில் பரிமாறலாம். "இன்னும் கொஞ்சம்" என்று வற்புறுத்தாமல் இருக்கலாம். மிஞ்சியதைக் குளிர்பெட்டியில் வைக்கலாம், அது வீண்போவதாகாது.

அவரிடம் எத்தனை கிலோ என்று கேட்பதைவிட, படியேற மூச்சு வாங்குகிறதா, சீனிக் குளிசை குறைந்ததா, முழங்கால் நோ எப்படி என்று கேளுங்கள். தராசு நின்ற பிறகும் இவை தொடர்ந்து நல்லதாகிக்கொண்டு போகலாம். சத்திரசிகிச்சைக்குப் போனதும் இவற்றுக்காகத்தானே.

(இக்கட்டுரை பொதுவான விளக்கத்துக்கானது. உங்கள் மருந்துகளிலோ உணவுமுறையிலோ மாற்றம் செய்யுமுன் உங்கள் வைத்தியரின் ஆலோசனையைப் பெறுங்கள்.)